புது வெளியீட்டை அனுப்ப உங்கள் திட்டத்தில் எத்தனை பேரால் முடியும்?

மொரீஷியஸின் எபேனில் வேலை பார்க்கும் மென்பொருள்காரர்கள் பலர், வீடு திரும்பிய பிறகும் ஏதாவது ஒரு திறமூலத் திட்டத்துக்குச் (யார் வேண்டுமானாலும் நிரலைப் படித்துத் திருத்தக்கூடிய திட்டம்) சம்பளம் வாங்காமல் கைகொடுக்கிறார்கள். அப்படி ஒரு திட்டத்தைப் பற்றி யார் பேசினாலும் தலைப்பில் இருக்கிற கேள்வியைத்தான் நான் முதலில் கேட்பேன். பத்துப் பேர் நிரல் எழுதுவார்கள், ஆனால் வெளியிடும் உரிமை ஒருவரிடம்தான் இருக்கும்.

இது எவ்வளவு ஆபத்து என்பதற்கு எக்ஸ்-இஜட் (XZ) விவகாரமே போதும். லினக்ஸ் இயங்குதளத்தில் எங்கும் இருக்கிற அந்தக் கோப்புச் சுருக்கும் நிரலைப் பல வருடங்களாக லாஸ்ஸே கொலின் என்ற ஒருவர்தான் கவனித்து வந்தார். 2022-ல் முகம் தெரியாத சிலர், ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளைச் சேருங்கள் என்று அவரை நெருக்கினார்கள். மனநலப் பிரச்சினை இருக்கிறது, இது ஊதியமில்லாத வேலை என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். ஏற்கெனவே திருத்தங்கள் அனுப்பிக்கொண்டிருந்த 'ஜியா டான்' என்ற பெயர்க்காரர் மெல்ல மெல்ல நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பை வாங்கி, 2024-ல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல், அதாவது ரகசியமாக உள்ளே நுழையும் வழி, வைத்துவிட்டார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்-இல் உள்நுழைவு அரை நொடி இழுக்கிறதே என்று துருவிய மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் மார்ச் 29-ல் அதை வெளியே சொன்னதால் உலகம் தப்பித்தது.

புது ஆளை நம்பக்கூடாது என்பதுதான் இதன் பாடம் என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். களைத்துப்போன ஒரே ஆள், அவசரத்தில், கேட்டவருக்குக் கொடுத்தால் எந்தத் திட்டமும் மாட்டிக்கொள்ளும். தெம்பாக இருக்கும்போதே இரண்டு மூன்று பேரைப் பழக்கியிருந்தால் அந்த நெருக்குதல் ஒருவர் தலையில் மட்டும் விழுந்திருக்காது, ஒருவர் சேர்த்ததை இன்னொருவர் படித்தும் பார்த்திருப்பார்.

சரி, எப்படிப் பகிர்வது? பைத்தான் மொழியில் எழுதிய நிரல் பொதிகள் வைக்கும் பைபிஐ தளத்தில் 'உரிமையாளர்', 'பராமரிப்பாளர்' என்று இரண்டு நிலைகள் உண்டு. பராமரிப்பாளர் புதுப் பதிப்பை ஏற்றலாம், ஆட்களைச் சேர்க்கவோ நீக்கவோ உரிமையாளரால்தான் முடியும். குறைந்தது இரண்டு உரிமையாளர்கள் வேண்டும், அதுவும் வேறு வேறு ஊரில். 2024 ஜனவரியில் மொரீஷியஸுக்குப் பெலால் புயல் வந்தபோது எனக்குத் தெரிந்த ஒரு சின்னத் திட்டத்தில் அவசரத் திருத்தம் தயாராக இருந்தும் வெளியிட முடியவில்லை. பைபிஐ அந்த வருடம் பிறந்தபோதுதான் இரண்டடுக்குச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சோதனை) எல்லோருக்கும் கட்டாயமாக்கியிருந்தது, ஒரே உரிமையாளரின் குறியீடு வரும் போனோ கரண்ட் இல்லாமல் செத்துக் கிடந்தது. இன்னொரு உரிமையாளர் பக்கத்துத் தீவான ரியூனியனில் இருந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை, அதே புயல் அங்கேயும்தான் அடித்தது. சென்னையிலோ பாரிஸிலோ ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

உரிமையைக் கொடுத்தால் மட்டும் போதாது. அடுத்த வெளியீட்டை முழுக்க அந்தப் புது ஆளே செய்யட்டும். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள், ஆனால் விசைப்பலகையைத் தொடாதீர்கள். பதிப்பு எண்ணை எந்தக் கோப்பில் மாற்றுவது, எந்தச் சோதனை அடிக்கடி காரணமில்லாமல் தோற்கும், இணையதளப் பெயரை யாருடைய கார்டில் புதுப்பிக்கிறோம் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அவர் எங்கே தடுமாறினாரோ அந்த இடத்தை அவரையே எழுதி வைக்கச் சொல்லுங்கள். நாமே உட்கார்ந்து எழுதினால் நமக்குப் பழகிப்போன படிகளெல்லாம் விட்டுப்போகும்.

நிரல் எழுதாதவர்களுக்கும் இதில் நிறைய வேலை இருக்கிறது. வருகிற புகார்களைப் படித்து, ஒரே விஷயத்தைச் சொல்பவற்றைச் சேர்த்து, விவரம் போதாதென்றால் மரியாதையாகத் திருப்பிக் கேட்கிற ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் கொடுத்தாலே பாரம் பாதி குறையும்.

அப்புறம், ஓய்வு. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் பத்து நாளும் நான் எதற்கும் பதில் சொல்ல மாட்டேன் என்று முன்கூட்டியே எழுதி வைத்து, யார் பார்த்துக்கொள்வார் என்றும் சொல்லிவிடுங்கள். ஒரேயடியாக விலக நினைத்தாலும் அப்படித்தான், அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

நிறுவனங்களிடமும் ஒரு வார்த்தை. பல சர்வர்களில் நிரல்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் உலகில், வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளைச் சரியான நிரலுக்கு அனுப்ப எத்தனையோ பேர் நம்பியிருந்த இங்கிரஸ் என்ஜின்எக்ஸ் திட்டத்தை ஓரிருவர்தான் சொந்த நேரத்தில் காப்பாற்றி வந்தார்கள். கேட்டும் ஆள் கிடைக்காததால், 2026 மார்ச்சோடு நிறுத்துகிறோம் என்று 2025 நவம்பரில் அறிவித்தார்கள். உங்கள் சர்வரில் ஓடும் நிரல்களில் ஒன்றையாவது தேர்ந்தெடுத்து, அதைப் பராமரிக்க உங்கள் ஊழியர் ஒருவருக்கு வாரத்தில் அரை நாள் கொடுங்கள், சம்பளத்தோடு.