விரல் போன பிறகுதான் சட்டமா?

கையில் கட்டோடு எங்களிடம் சட்ட உதவிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "நஷ்டஈடு எவ்வளவு சார் கிடைக்கும்?" மெஷினில் கோளாறு இருந்தது முன்பே தெரியுமா என்றால், "ரெண்டு வாரமா தெரியும், சூப்பர்வைசர்கிட்ட சொன்னேனே" என்கிறார்கள். சொன்னதற்குச் சாட்சி? அதே சூப்பர்வைசர். அவருக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே கம்பெனி.

அடிபடுவதற்கு முன்பே கையில் எடுக்க வேண்டிய பிரிவு ஒன்று இருக்கிறது. போபாலுக்குப் பிறகு, 1987 திருத்தத்தில், தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-எச் என்று சேர்த்தார்கள். அது அபாயகரமான செயல்முறை நடக்கும் ஆலைகளுக்கு மட்டும்தான் இருந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் சட்டத் தொகுப்பில் (2020) பிரிவு 14-இல் அந்த வரம்பு இல்லை. பலத்த காயமோ மரணமோ உடனே நேரலாம் என்று நியாயமான அச்சம் இருந்தாலே போதும், தொழிலாளி எச்சரிக்கலாம்.

யாரிடம்? இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். "முதல்ல மேனேஜ்மென்ட்கிட்ட சொல்லுவோம், கேக்கலைன்னா ஃபேக்டரி இன்ஸ்பெக்டர்கிட்ட போவோம்." உடனடி ஆபத்து என்றால் சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. நிர்வாகத்துக்கும் (நேரடியாகவோ, பாதுகாப்புக் குழு உறுப்பினர் வழியாகவோ) ஆய்வாளருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. காத்திருந்து பார்க்க வேண்டியதில்லை. இதைப் போட்டுக்கொடுப்பதாக யாராவது சொன்னால், பிரிவை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். ஆபத்து உண்டு என்று முதலாளி ஒப்புக்கொண்டால் உடனே சரிசெய்து, ஆய்வாளருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். இல்லை என்று மறுத்தாலும் விஷயத்தை அதே ஆய்வாளரிடம் அனுப்பியே ஆக வேண்டும். ஆபத்து உண்டா இல்லையா என்பதில் அவர் சொல்வதே முடிவு. எந்த வழியில் போனாலும் அவரிடம் போகிற விஷயத்தை நீங்கள் மூடி வைத்து என்ன பயன்?

எழுதும்போது "பாதுகாப்பு இல்லை" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள், அது ஃபைலில் தூங்கும். இப்படி எழுதுங்கள்: "4-ஆம் எண் பவர் பிரஸ். இரு கை பட்டன்களில் வலதுபுறத்தது டேப் ஒட்டி அழுத்தி வைக்கப்பட்டுள்ளது. ஒரு கை டைக்குள் (அச்சுக்குள்) இருக்கும்போதே ராம் (அழுத்தும் பகுதி) இறங்குகிறது. இன்று காலை 10.20-க்குப் பார்த்தது." தேதி, ஷிப்ட், பெயர், கையெழுத்து. நாலு பேர் சேர்ந்து போட்டால் இன்னும் நல்லது. கான்ட்ராக்ட் ஆளாக இருந்தால் கான்ட்ராக்டரோடு நிறுத்தாமல் முதன்மை முதலாளிக்கும் (வேலை நடக்கும் கம்பெனிக்கும்) ஒரு பிரதி.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வேலையை நிறுத்திவிட்டுப் போகலாம் என்று பிரிவு 14-இல் ஒரு வரிகூடக் கிடையாது. சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினால் "கீழ்ப்படியவில்லை" என்று மெமோ வரும். உயிர்தான் முக்கியம், மெஷினை விட்டுக் கட்டாயம் விலகுங்கள். ஆனால் வளாகத்திலேயே இருங்கள், வேறு வேலை கேளுங்கள், அப்படிக் கேட்டதையும் எழுத்தில் கொடுங்கள்.

மெமோவுக்குப் பதில் எழுதும்போது எங்களுக்கு அந்தத் தாள்தான் வேண்டும். வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்தால் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள், தயவுசெய்து. கோர்ட்டில் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது மூல மெசேஜ் உள்ள போனைத்தான். கூடவே ஸ்பீட் போஸ்டிலும் ஒரு பிரதி அனுப்பி, ரசீதை வீட்டில் வையுங்கள். கம்பெனி லாக்கரில் வேண்டாம்.