300 என்று மாற்றினால் ஓவியம் தெளிவாக அச்சாகுமா?

ஓவியத்தைக் கைப்பேசியில் படமெடுத்து அச்சுக்கு அனுப்பினால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "300 டிபிஐயில் அனுப்புங்கள்." டிபிஐ என்றால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. கோப்பைத் திறந்து பார்த்தால் 72 என்றிருக்கும். எடிட்டரில் அந்த 72-ஐ அழித்துவிட்டு 300 என்று தட்டிச் சேமித்து அனுப்பினால் பிரச்சினை தீர்ந்துவிட்டது போலவே தோன்றும். ஆனால் படத்தில் ஒரு பிக்சல்கூட மாறியிருக்காது.

டிஜிட்டல் படத்துக்கு அங்குலக் கணக்கே கிடையாது. அதனிடம் இருப்பது பிக்சல்கள் மட்டும். 12 மெகாபிக்சல் படம் என்றால் அகலத்தில் 4000, உயரத்தில் 3000. கோப்பில் ஒட்டியிருக்கும் 72, 300 போன்ற எண்கள், "ஓர் அங்குலத்தில் இத்தனை பிக்சலை அடுக்கு" என்று அச்சுக்குச் சொல்லும் குறிப்பு, அவ்வளவுதான். 4000-ஐ 300-ஆல் வகுத்தால் 13 அங்குலத்துக்குச் சற்று அதிகமாக வரும். 72-ஆல் வகுத்தால் 55 அங்குலத்தைத் தாண்டும். படம் அதேதான், பிக்சல்களை நெருக்கி வைக்கிறோமா, பரப்பி வைக்கிறோமா என்பதுதான் வேறுபாடு. (அந்த 72, 1984-இல் வந்த முதல் மெக்கின்டாஷ் கணினித் திரையின் கணக்கு. அச்செழுத்தை அளக்கும் 'பாயின்ட்' ஓர் அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு என்பதால் திரைப் புள்ளிகளையும் அப்படியே அமைத்தார்கள். இன்றைய திரைகளுக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் அது கோப்புகளை விட்டுப் போகவில்லை.)

சரி, 300 மட்டும் எங்கிருந்து வந்தது? நம் கண்ணிலிருந்து. நல்ல பார்வையுள்ளவர், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோண இடைவெளி இருந்தால்தான் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியும். ஓர் அடி தூரத்தில் வைத்துப் பார்க்கும் தாளில் இது அங்குலத்துக்குச் சுமார் 286 புள்ளிகள். முழு எண்ணாக்கினால் 300. மூன்றடி தள்ளி நின்றால் 95 போதும். ஆறடி தூரத்தில் 48-ஏ போதும். தொலைவிலிருந்து பார்க்கும் விளம்பரப் பலகைகள் மிகக் குறைந்த பிக்சலிலும் பளிச்சென்று தெரிவது இதனால்தான்.

ஆனால் ஓவியத்தைப் பார்ப்பவர்கள் ஆறடியிலேயே நிற்பதில்லை. முதலில் தள்ளி நின்று பார்ப்பார்கள், பிறகு தூரிகைத் தடத்தைத் தேடி மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருங்குவார்கள். அதனால் கோட்டோவியத்துக்கு நான் 300-இலிருந்து இறங்கமாட்டேன். கேன்வாஸ் துணியில் அச்சிடும் வண்ண ஓவியத்துக்கு 150 போதும், துணியின் நெசவே சிறு குறைகளை மறைத்துவிடும்.

பிரிண்டர் பெட்டியில் 2880 டிபிஐ என்று போட்டிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். அது மைத்துளிகளின் கணக்கு. பிரிண்டரிடம் இருப்பது சில நிற மைகள்தான். ஒரு பிக்சலின் நிறத்தைக் காட்ட அது பல துளிகளைக் கலந்து தெளித்தாக வேண்டும். படத்துக்கு உரிய அளவு பிபிஐ, அதாவது அங்குலத்துக்கு எத்தனை பிக்சல். பேச்சில் இரண்டையும் டிபிஐ என்றே சொல்லிவிடுகிறோம்.

இந்த வகுத்தல் கணக்கு சரியாக வந்தாலும் ஓவியத்தில் ஏமாற வாய்ப்புண்டு. 40 அங்குல அகலமும் 30 அங்குல உயரமும் உள்ள ஓவியம் ஒன்றை 12 மெகாபிக்சலில் எடுக்கிறோம். மூல ஓவியத்தின் ஓர் அங்குலத்துக்குக் கிடைப்பது 100 பிக்சல்; ஒவ்வொரு பிக்சலும் கால் மில்லிமீட்டரை விழுங்குகிறது. 0.1 மில்லிமீட்டர் பேனாவால் நெருக்கமாகக் கோடிழுத்து நிழல் போட்டிருந்தால் அந்தக் கோடுகள் பிக்சலுக்குள் கலந்து வெறும் சாம்பல் நிறமாகிவிடும். பிறகு 13 அங்குலத் தாளில் 300 பிபிஐயில் அச்சிட்டாலும் கிடைப்பது மிகத் தெளிவான சாம்பல் நிறம்தான். ஒரு கோடு பிழைக்க வேண்டுமானால் கோட்டுக்கு ஒரு பிக்சலும் அடுத்துள்ள இடைவெளிக்கு ஒரு பிக்சலுமாவது வேண்டும். கேன்வாஸ் நெசவு இந்த எல்லைக்கு அருகில் வந்தால், மூலத்தில் இல்லவே இல்லாத அலைக்கோடுகள் படத்தில் முளைக்கும். அதற்கு 'மொய்ரே' என்று பெயர்.

கேமரா சொல்லும் மெகாபிக்சலும் முழு உண்மை இல்லை. கேமராவுக்குள் ஒளியை உணரும் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் பார்க்கிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு. ஒவ்வொரு புள்ளியும் பார்க்காத மற்ற இரு நிறங்களையும் பக்கத்துப் புள்ளிகளைக் கேட்டு மென்பொருள் ஊகிக்கிறது. போதாக்குறைக்கு, சுவரையும் சட்டத்தையும் வெட்டி எறிந்தால் எடுத்த பிக்சலில் கணிசமான பங்கு போய்விடும். மெசேஜ் செயலியில் சாதாரணமாக அனுப்பினால் மிச்சமும் சுருங்கும். கோப்பை 'டாகுமென்ட்' ஆக அனுப்புவது நல்லது.

"பிக்சலை மென்பொருளே கூட்டித் தருமே?" தரும். பழைய முறை, அண்டைப் பிக்சல்களின் சராசரியைக் கொண்டு இடைவெளியை நிரப்பும். படம் பெரிதாகும், விவரம் கூடாது. செயற்கை நுண்ணறிவு ஒரு படி மேலே போய் விவரத்தையே கற்பனை செய்யும். குடும்பப் புகைப்படத்தில் பொறுத்துக்கொள்ளலாம். ஓவியத்தில், ஓவியர் வைக்காத தீற்றலை அது வைக்கிறது. எனக்கு அது ஒப்பவில்லை.

நேர்மையான வழி, துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவது. கேமராவையும் விளக்கையும் அசைக்காமல் ஓவியத்தை மட்டும் நகர்த்தி, வரிசைக்கு நான்காக நான்கு வரிசை, 30 சதவீதம் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி எடுத்தால், 16 படங்களில் அந்த 40 அங்குல ஓவியம் முழுவதும் 300 பிபிஐயில் அடங்கிவிடும். ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகம் ரெம்பிராண்டின் 'நைட் வாட்ச்' ஓவியத்தையும் இப்படித் துண்டு துண்டாக எடுத்துத்தான் ஒட்டியது, 8,439 படங்களில்; அங்கே நகர்ந்தது ஓவியம் அல்ல, கேமரா. 2022-இல் வெளியான அந்த 717 ஜிகாபிக்சல் படத்தில் ஒரு பிக்சல் என்பது 5 மைக்ரோமீட்டர். 300 பிபிஐயில் அச்சிட்டால் அகலம் மட்டும் ஏறத்தாழ 78 மீட்டர் வரும். மூல ஓவியத்தின் அகலமோ நாலரை மீட்டர்.

பெரிய அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். 4000 பிக்சல் படத்தை 40 அங்குலத்துக்கு அச்சிடுவதானால், நுணுக்கம் நிறைந்த ஓர் இடத்தில் 700-க்கு 1000 பிக்சல் துண்டை வெட்டி, 7-க்கு 10 அங்குலமாக ஏ4 தாளில் அச்சிடுங்கள். அதைச் சுவரில் ஒட்டி, வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று பாருங்கள். பிறகு இரண்டடி முன்னே வந்து பாருங்கள்.