முகவரித் தீர்மானமா, முகவரி துலக்கலா?

தீர்மானம் என்றதும் கொழும்பில் இருக்கிற ஒரு தமிழருக்கு என்ன நினைவுக்கு வரும்? பாராளுமன்றத்து நம்பிக்கையில்லாத் தீர்மானம். 1976இன் வட்டுக்கோட்டைத் தீர்மானம். அப்புறம், செய்தியில் ஓயாமல் அடிபடும் ஜெனீவாத் தீர்மானம். ஒரு சபை கூட வேண்டும், ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிய வேண்டும், கை உயர வேண்டும். இதெல்லாம் தெரிந்தவர்கள்தான், வலையமைப்பில் ஒரு கணினி இன்னொன்றின் வன்பொருள் முகவரியைக் கேட்டறிய உதவும் ஏ.ஆர்.பி.யை (அட்ரஸ் ரெசலூஷன் புரோட்டோகோல்) ‘முகவரித் தீர்மான நெறிமுறை’ என்று உயர்தர மாணவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். வெள்ளவத்தை ரியூசன் வகுப்புகளிலிருந்து வருகிற பிள்ளைகள் வாயில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். வலையமைப்பிலுள்ள கணினிக்கு இரண்டு முகவரிகள். ஒன்று ஐ.பி. முகவரி, 192.168.1.20 போல. இது வலையமைப்புக்கு ஏற்ப மாறும். மற்றது வலையமைப்பு அட்டைக்கு உரிய 48 பிற் வன்பொருள் முகவரி. அதன் முதற்பாதி பொதுவாக உற்பத்தியாளரைக் குறிக்கும், மறுபாதியை உற்பத்தியாளர் இடுவார். டுப்ளிகேஷன் வீதியை நினைத்துக்கொள்ளுங்கள். கடித உறையில் அது ஆர். ஏ. டி மெல் மாவத்தை, ஓட்டோக்காரரிடம் டுப்ளிகேஷன் ரோட். இரண்டையும் பொருத்திக் காட்ட யாராவது வேண்டும் அல்லவா?

கணினி அதை எப்படிச் செய்கிறது? அச்சுப்பொறியின் ஐ.பி. முகவரி தெரியும், வன்பொருள் முகவரி தெரியாது என்று வையுங்கள். உடனே எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு கேள்வியை விடும்: ‘192.168.1.20 யார்? எனக்குச் சொல்லுங்கோ.’ பெறுநர் முகவரியில் 48 பிற்றும் 1 ஆக இருப்பதால் உள்ளக வலையமைப்பிலுள்ள எல்லா இயந்திரங்களுக்கும் அது போய்ச் சேரும். உரியவர் மட்டும், கேட்டவருக்கு மட்டும் பதில் சொல்வார். கேட்டவர் அதை ஒரு அட்டவணையில் குறித்துக்கொள்வார், கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அழித்துவிடுவார். வெளி வலையமைப்புக்குப் போகிற தரவுப் பொதி என்றால், நுழைவாயிலாக நிற்கிற ரவுட்டரின் வன்பொருள் முகவரியைக் கேட்டால் போதும். டேவிட் பிளம்மர் 1982 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 826 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் எழுதி வைத்த ஏற்பாடு இது.

மூலச் சொல்லான ‘ரெசலூஷன்’ இலத்தீனில் ‘அவிழ்த்தல்’ என்ற கருத்துள்ள வினையிலிருந்து வந்தது. சபையின் முடிவு, திரையின் பிரிதிறன், சிக்கலின் தீர்வு எல்லாம் அதன் கிளைகள். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட கிளையைப் பிடித்துத் தொங்கினால் தீர்மானம்தான் கிடைக்கும்.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படுகிற ஒரே நியாயம், ‘கணினி முகவரியைத் தீர்மானிக்கிறதுதானே’ என்பது. இல்லை, தீர்மானிப்பதேயில்லை. அந்த முகவரி கேள்வி பிறப்பதற்கு முன்பே அட்டையில் இருக்கிறது. கணினி விசாரித்து அறிகிறது, அவ்வளவுதான். வந்த பதில் உண்மையா என்று சரிபார்ப்பதுகூட இல்லை. யாரோ ஒருவர் ‘நான்தான் ரவுட்டர்’ என்று பொய் சொன்னாலும் நம்பி எழுதிக்கொள்ளும். வலையமைப்புக்குள் ஆள்மாறாட்டத் தாக்குதல்கள் பல இந்த ஓட்டையால்தான் நடக்கின்றன. கேட்டதை நம்பி, சில நிமிடத்தில் மறந்தும் போகிற ஒன்றுக்கு உறுதியான முடிவைக் குறிக்கிற பெயர் வைத்தால், பாதுகாப்புப் பாடத்துக்கு வரும்போது மாணவன் குழம்பாமல் என்ன செய்வான்?

‘முகவரித் தீர்வு’ கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் தமிழில் தீர்வது என்றால் முடிந்துபோவதும்தான். அரிசி தீர்ந்தது, காசு தீர்ந்தது. இப்போதும் பரவலாக ஓடுகிற ஐ.பி. நான்காம் பதிப்பின் முகவரிகளோ மெய்யாகவே தீர்ந்தன. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் காலி, நம் ஆசிய பசிபிக் பகுதியின் வழக்கமான விநியோகம் அதே ஆண்டு ஏப்ரலில் முடிந்தது. முகவரித் தீர்வு என்றால் அந்தக் கதையோ என்று நினைக்கத் தோன்றும்.

நான் சொல்வது ‘முகவரி துலக்கல்’. துலங்குதல் வெளிப்படுதல், துலக்குதல் வெளிப்படுத்துதல். துப்புத் துலக்கினார்கள் என்று பத்திரிகையில் படிக்காதவர் இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துத் தெரியாததை அறிவதுதானே இங்கும் நடக்கிறது? இணையத்தளப் பெயருக்கு உரிய ஐ.பி. முகவரியைத் தேடித் தரும் டி.என்.எஸ். செய்வதைப் பெயர் துலக்கல் எனலாம். வன்பொருள் முகவரியிலிருந்து ஐ.பி.யைக் கேட்டறிய 1984இல் வந்த எதிர்த்திசை ஏற்பாட்டுக்கு ‘நேர்மாறு முகவரி துலக்கல்’ பொருந்தும். அதையே ‘நேர்மாறு முகவரித் தீர்மானம்’ என்றால் எதிர்க்கட்சி கொண்டுவந்த பிரேரணை மாதிரி இருக்கிறது. ‘புரோட்டோகோல்’ என்பதற்கு நெறிமுறையா நடப்பொழுங்கா என்ற சண்டைக்கு நான் வரவில்லை, இரண்டும் சம்மதம்.

இலத்திரன், ஒளித்தொகுப்பு என்று சொல் ஆக்கித் தந்த தலைமுறை இந்த நாட்டில் இருந்தது. பொருளை விளங்கிக்கொண்டு சொல்லைத் தேடினார்கள். இப்போதைய மொழிபெயர்ப்பாளர் பலர் சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்கள். வன்பொருள் முகவரிக்கே ‘ஊடக அணுகல் கட்டுப்பாட்டு முகவரி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். படித்தால் தணிக்கை அலுவலகத்தின் விலாசம் போலிருக்கிறது.

பின்னர் வந்த ஐ.பி. ஆறாம் பதிப்பில் ஏ.ஆர்.பி. கிடையாது. அந்த வேலை அயலவரைக் கண்டறியும் வேறொரு நெறிமுறையிடம் போய்விட்டது. அதற்கு ‘அயலவர் கண்டறிதல்’ என்று நேராகவே எழுதலாம். ஆனால் நான்காம் பதிப்பு ஓடுகிற வீட்டு ரவுட்டர்களும் அலுவலக சுவிச்சுகளும் இன்னும் ஏராளம், பரீட்சைத் தாள்களிலும் ஏ.ஆர்.பி. வரத்தான் செய்யும். பாடக்குறிப்பின் அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகுமுன் அந்த ஒரு சொல்லையாவது மாற்றிவிடுங்கள்.