‘வாயை மட்டும் அசை’ என்று சொல்வதற்கு முன்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டும் நாடகமும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. சேர்ந்த புதிதில் ஆண்டு விழா சேர்ந்திசைக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் வரிசையில் ஒரு பையன், ஏழு வயது. மற்றவர்கள் மேலே ஏறினால் இவன் மட்டும் அடித்தொண்டையில் ஒரே சுரத்தில் உறுமிக்கொண்டிருப்பான். விழாவுக்கு நான்கே நாள். பக்கத்தில் போய், அன்பாகத்தான் சொன்னேன்: “கண்ணா, நீ வாயை மட்டும் அசை, போதும்.” தலையாட்டினான். விழாவன்று ரொம்ப ஒழுங்காக வாயசைத்தான்.

சில மாதம் கழித்து எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சக ஆசிரியை ஒருவர் வகுப்பை எடுக்க, நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதே பாட்டு. அவர் பாடிக்காட்டியதும் அந்தப் பையனும் பாடினான். கொஞ்சம் பிசிறு. ஆனால் சுரம் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்னுடையது ஆண் குரல். நான் பாடும் சுரம் பிள்ளைகளின் குரலைவிட ஒரு ஸ்தாயி, அதாவது ‘ச’விலிருந்து மேல் ‘ச’ வரையான தூரம், கீழே இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் யாரும் சொல்லாமலே அதைத் தங்கள் ஸ்தாயிக்கு மாற்றிக்கொள்வார்கள். சிலர் கேட்டதைக் கேட்டபடியே பிடிக்கப் பார்ப்பார்கள். அவ்வளவு கீழ்ச் சுரம் ஏழு வயதுத் தொண்டையில் கிடையாது, உறுமல்தான் வரும். இப்போதெல்லாம் கீழ்வகுப்புகளில் பொய்க்குரலில் மேலே பாடிக்காட்டுகிறேன். இல்லாவிட்டால் நன்றாகப் பாடும் ஒரு பிள்ளையைப் பாடிக்காட்டச் சொல்கிறேன்.

மறுநாள் அவனைக் கூப்பிட்டுப் பாடச் சொன்னேன். உதட்டை இறுக்கிக்கொண்டான். “நீங்கதானே சார் பாட வேணாம்னு சொன்னீங்க?” அதை உடைக்க எனக்கு ஒரு பருவம் முழுக்கத் தேவைப்பட்டது.

‘இவனுக்குச் சுரஞானமே இல்லை’ என்று பெற்றோரும் ஆசிரியர்களும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சுர வேறுபாட்டை மூளை பிறவியிலேயே பிரித்தறியாத நிலை ஒன்று உண்மையில் உண்டு. அது எத்தனை பேருக்கு? பழைய கணக்கு 4 சதவீதம் என்றது. சுமார் 20,000 பேரைச் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வு 1.5 சதவீதம் என்றது. பெரிய கணக்கையே எடுத்தாலும் நாற்பது பேர் வகுப்பில் ஒன்றிரண்டு பிள்ளைகள்தான். நாம் வாயசைக்கச் சொல்வது எத்தனை பேரை என்று எண்ணிப் பாருங்கள்.

மிச்சப் பேரிடம் கோளாறு பெரும்பாலும் பாட்டு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற எல்லையில்தான். ஆறேழு வயதில் பலருக்கு வசதியான எல்லை, ஹார்மோனியத்தின் நடு ஸ்தாயியில் இரண்டு கட்டை முதல் ஆறு கட்டை வரை. மொத்தமே ஐந்து வெள்ளைக் கட்டை. பழகப் பழக இது இரு பக்கமும் விரியும். விழாவுக்கு நாம் எடுப்பதோ பெரியவர்கள் பாடிப் பதிவான, ஒன்றரை ஸ்தாயி ஏறி இறங்கும் பாட்டு. அதையும் கரோக்கியில் அசல் சுருதியிலேயே ஓடவிடுகிறோம். கீபோர்டில் சுருதியை மாற்ற ஒரு பட்டன் இருக்கிறது, போனில் அதற்குச் செயலிகள் இருக்கின்றன. யாரும் தொடுவதில்லை.

சுரம் சேராத பிள்ளையிடம் நான் முதலில் பாட்டுக்கே போவதில்லை. ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி கத்தச் சொல்வேன். விரலால் காற்றில் மலை வரைவேன், விரல் ஏறினால் குரல் ஏற வேண்டும், இறங்கினால் இறங்க வேண்டும். குரல் ஏறி இறங்கும் என்பதே சில பிள்ளைகளுக்கு அப்போதுதான் தெரியும். பிறகு ‘உனக்குப் பிடித்த ஒரு சத்தத்தை நீட்டு’ என்பேன். எந்தச் சுரத்தில் நீட்டுகிறதோ அந்தச் சுரத்துக்கு நான் போய்ச் சேர்ந்துகொள்வேன். இரண்டு குரலும் ஒன்றாகும்போது ஒரு அதிர்வு வரும், பிள்ளையின் முகத்தைப் பார்த்தாலே தெரியும். அங்கிருந்து ஒரு சுரம் மேலே, ஒரு சுரம் கீழே. தினம் இரண்டு நிமிடம் போதும்.

கையை உயர்த்திச் சுரம் காட்டுவது புது வித்தை ஒன்றுமில்லை. 19-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் ஜான் கர்வன் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கைச்சைகை வைத்துக் கற்பித்தார். ஹங்கேரி இசையமைப்பாளர் சோல்டான் கோடாய் வழி வந்த ஆசிரியர்கள் அந்தச் சைகைகளை உடம்பின் வெவ்வேறு உயரத்தில் காட்டுகிறார்கள். தாளத்துக்கும் இதே கதைதான். ஜெனீவா இசைக் கல்லூரியில் பாடம் எடுத்த டால்க்ரோஸ், நோட்டில் இசையைச் சரியாக எழுதும் மாணவர்களுக்கு அது காதில் கேட்பதில்லை என்று கண்டு, அவர்களை எழுப்பி நடக்கவிட்டார். உட்கார்ந்தபடி தாளம் தப்பும் பிள்ளை நடந்துகொண்டே பாடினால் பெரும்பாலும் தப்புவதில்லை. பெஞ்சை ஓரம் தள்ளுவதுதான் பெரிய வேலை.

இரண்டு விஷயத்தில் மட்டும் அசட்டை வேண்டாம். எவ்வளவு முயன்றும் சுரம் பிடிபடாத பிள்ளை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாமலும் டிவி சத்தத்தைக் கூட்டியும் வைத்தால், காது சோதனைக்கு அனுப்புங்கள். இந்த வயதில் நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வது சகஜம். வலி இருக்காது, அதனால் வீட்டில் தெரியாது. அடுத்தது குரல் கம்முவது. ஒத்திகையில் ‘இன்னும் சத்தமா!’ என்று விரட்டி விரட்டியே குரல்நாணில் முடிச்சு வரவைத்துவிடுகிறோம். மூன்று நான்கு வாரம் தாண்டியும் கரகரப்பு விடவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும். பின் வரிசைக்குக் கேட்கவில்லையா, மைக் வையுங்கள்.

நாடகம் பற்றி ஒன்று. வசனத்தாளை முதல் நாளே கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னால், மேடையில் ஒரு சொல் தவறியதும் பிள்ளை சிலையாக நின்றுவிடும். நான் முதல் வாரங்களில் தாளே கொடுப்பதில்லை. கதையைச் சொல்லி, அவர்கள் பாட்டுக்குப் பேசி நடிக்கவிடுவேன். அப்படிப் பழகிய பிள்ளைக்கு வரி மறந்தாலும் அடுத்து என்ன நடக்கும் என்பது தெரியும், ஏதாவது பேசிச் சமாளித்துவிடும்.

இசை படித்தால் கணக்கு வருமா என்று கேட்காத பெற்றோர் இல்லை. மொசார்ட் கேட்டால் புத்தி கூடும் என்ற பேச்சு, 1993-இல் 36 கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில் தொடங்கியது. உருவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் ஒரு வகைக் கணக்கில் அவர்கள் கொஞ்சம் கூடுதலாக எடுத்தார்கள், அதுவும் கால் மணி நேரத்துக்குள் கரைந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் அந்தச் சோதனையிலேயே இல்லை. பாட்டு வகுப்புக்கு வருகிற பிள்ளைக்குப் பாட்டு வரும் என்பதுதான் நான் கொடுக்கும் உத்தரவாதம்.

சேர்ந்திசையில் நிறுத்தும் இடமும் முக்கியம். சுரம் தடுமாறும் பிள்ளையைப் பின்னால் ஒளித்துவைப்பது நம் பழக்கம். பின்னால் நின்றால் யார் குரலும் அதன் காதில் நேராக விழாது. அடுத்த ஆண்டு அந்தப் பையனை முன் வரிசையில் நிறுத்தி, சுரம் பிசகாத இரண்டு பிள்ளைகளை அவனுக்கு நேர் பின்னால் வைத்தேன். பாட்டை ஐந்து சுரத்துக்குள் அடங்குகிற மாதிரி தேடி எடுத்தேன். பாடினான். இரண்டாவது சரணத்தில் மட்டும் வரியை மாற்றிப் பாடிவிட்டான், அதுவும் மற்ற எல்லோரையும்விடச் சத்தமாக.