முதலில் ஆள், அப்புறம் கோழிக்கறி

காப்பகக் கூண்டின் கடைசி மூலையில் ஒரு நாய். வாலை வயிற்றுக்கடியில் செருகிக்கொண்டு, தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. உள்ளே வந்த தன்னார்வலர் அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை. பக்கவாட்டில் உட்கார்ந்து, கையிலிருக்கும் புத்தகத்தைப் புரட்டுகிறார். அவ்வப்போது வேகவைத்த கோழிக்கறித் துண்டு ஒன்று மூலைப்பக்கம் போய் விழுகிறது. அரை மணி நேரம் கழித்து எழுந்து போய்விடுகிறார். தொடவில்லை, கொஞ்சவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெட்டியாக உட்கார்ந்திருப்பதுபோலத்தான் தெரியும். உண்மையில், மனிதரைக் கண்டு நடுங்கும் நாயின் பயத்தைத் தெளியவைக்கும் வேலை இது.

பயந்த நாயைக் கண்டதும் ‘யாரோ நல்லா அடிச்சிருக்காங்க’ என்கிறோம். பல சமயம் அடித்தவர் என்று யாருமே இருப்பதில்லை. குட்டியாக இருந்தபோது அதைத் தொட்டுப் பேசவும் ஆளில்லை, அவ்வளவுதான். நாய்க்குட்டிக்குப் பிறந்து 3 வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரை ஒரு ஜன்னல் திறந்திருக்கும். ‘உலகத்தில் இவையெல்லாம் சாதாரணம்’ என்ற பட்டியலை மூளை எழுதிக்கொள்ளும் காலம் அது. 1961-இல் ஃப்ரீட்மன், கிங், எலியட் என்ற மூவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். உயரமான வேலி போட்ட திடலில் குட்டிகளைத் தாயோடு விட்டு, மனிதர் கண்ணில் படாமல் வளர்த்தார்கள். சில வார வயதிலேயே ஒரு வாரம் மட்டும் ஆட்களோடு பழகவிடப்பட்ட குட்டிகள் தேறிவிட்டன. 14 வாரம் வரை மனிதரையே பாராதவை காட்டு விலங்குபோல ஒதுங்கின. பூட்டிய கொட்டகையில் குட்டி மேல் குட்டியாகப் பெருக்கி விற்கும் பண்ணைகளிலிருந்து மீட்கப்படும் நாய்களின் கதை ஏறக்குறைய இதுதான்.

அப்படிப்பட்ட நாயைத்தான் குரைப்புச் சத்தமும் பினாயில் வாடையும் நிறைந்த காப்பகத்தில் கொண்டுபோய் விடுகிறோம். அமெரிக்காவில் 1990-களில் செய்த ஓர் ஆய்வில், காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாட்களில் நாய்களின் ரத்தத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன், வீட்டு நாய்களுக்கு இருப்பதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. பயம் உச்சத்தில் இருக்கும் உடம்பு செரிமானத்தை ஒத்திவைத்துவிடும். அதனால்தான் எவ்வளவு பசித்தாலும் அந்த நாய் கறியைச் சீண்டாது. தன்னார்வலருக்கு இது நல்ல அளவுகோல். துண்டு அப்படியே கிடந்தால் தான் இன்னும் நாலடி தள்ளி உட்கார வேண்டும் என்று புரிந்துகொள்வார்.

கறி எப்படி வேலை செய்கிறது? 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற சிறுவனை இதே வழியில்தான் தேற்றினார். பையனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்துவிட்டு, முயலைத் தூரத்தில் வைத்து, அவன் கலங்காத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் பையன் முயலைத் தடவிக் கொடுத்தான்.

காப்பகத்தில் இதைச் செய்யும்போது வரிசை தப்பக்கூடாது. முதலில் ஆள் தென்பட வேண்டும், அதற்குப் பிறகுதான் கறி. மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்பது குழந்தைக்கு ஊசி போட்ட எல்லோருக்கும் தெரியும். சாக்லேட் வாங்கிக் கொடுத்து டாக்டரிடம் கூட்டிப் போனால், அடுத்த முறை சாக்லேட்டைக் கண்டாலே குழந்தை வீறிடும். நாய்க்கும் அப்படித்தான்: கறி வாசம் ஆபத்தின் முன்னறிவிப்பாகிவிடும்.

அதேபோல, கையில் தீனியை நீட்டி ‘வா வா’ என்று அழைப்பதும் சரிவராது. பார்த்தால் தெரியும், முன்பாதி மட்டும் ரப்பர்போல நீளும், பின்னங்கால்கள் ஓடத் தயாராக ஊன்றியிருக்கும். ஆசையில் கிட்டே வந்துவிட்டு, தீனி தீர்ந்ததும் தன் முன்னால் ஒரு மனிதர் இருப்பதை அப்போதுதான் கவனித்ததுபோலத் திடுக்கிடும். அதனால் பழகியவர்கள் துண்டை நாய்க்குப் பின்னால் வீசுவார்கள். நாய் விலகிப் போய்த் தின்னும். விலகியதால் நிம்மதி, தின்றதால் இன்பம். திரும்பி வருவதா என்பதை அதுவே முடிவு செய்யும். என்னைக் கேட்டால், கறியைவிட இந்த உரிமைதான் பெரிய மருந்து.

சும்மா கிடக்கும் நாயைத் தூக்கி மடியில் வைத்துத் தடவி, ‘பாருங்க, எவ்வளவு அமைதியா இருக்கு!’ என்று வீடியோ போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். 1967-இல் செலிக்மனும் மயரும் நாய்களை வைத்தே நடத்திய கொடூரமான சோதனை ஒன்று உண்டு. எதைச் செய்தாலும் மின் அதிர்ச்சியை நிறுத்த முடியாது என்று பழகிப்போன நாய்களில் பெரும்பாலானவை, பிறகு தப்ப வழி இருந்தும் முயலாமல் கிடந்தன. மடியில் அசையாமல் இருப்பதும் அந்த வகையாக இருக்கலாம். கண்ணின் வெள்ளை தெரிகிறதா, உதட்டை நக்குகிறதா, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுகிறதா என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் வீவர்வில் என்ற ஊரில், 1866-இல் தொடங்கப்பட்ட விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் இத்தகைய நாய்களுக்கென்றே ஒரு மறுவாழ்வு மையம் நடத்துகிறது. மனிதரைக் கண்டு அஞ்சாத ‘உதவி நாய்’ ஒன்றையும் பயந்த நாயோடு விடுவது அங்கே வழக்கம். அது தைரியமாக ஆளிடம் போவதைப் பார்த்து மற்றதும் ஓரடி எடுத்து வைக்கும். அந்தச் சங்கம் வெளியிட்ட ஆய்வில் கடும் பயம் கொண்ட 441 நாய்களில் 86 சதவீதம் தேறி வெளியேறின. ஒவ்வொன்றுக்கும் சராசரியாக ஏறத்தாழ மூன்று மாதம் ஆகியிருக்கிறது.

தேறிவிட்டது என்றால் பயம் அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பழைய பாடம் மூளையில் அப்படியே இருக்கும். அதன்மேல் ‘மனிதர் வந்தால் நல்லது நடக்கும்’ என்ற புதுப்பாடம் ஏறி உட்கார்ந்திருக்கும். புதுப்பாடம் கற்ற இடத்தோடும் ஆளோடும் ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. சேலை கட்டிய அக்காவிடம் வாலாட்டுகிற நாய், தொப்பி போட்ட அண்ணனைக் கண்டதும் கட்டிலுக்கடியில் ஓடும். ஒரே ஆள் தினமும் வருவதைவிட, பழகத் தொடங்கிய பிறகு பல வயதில், பல குரலில், பல உடையில் ஆட்கள் வருவது நல்லது. தன்னார்வலர் கூட்டம் ஒரு காப்பகத்துக்குத் தருவது முக்கியமாக இந்த வகைவகையான முகங்களைத்தான்.

இடம் மாறினாலும் பழைய பயம் எட்டிப் பார்க்கும். தத்தெடுத்த வீட்டுக்குப் போன முதல் வாரத்தில் வாசற்கதவு திறந்த நொடியில் ஓடிவிடும் நாய்கள் உண்டு. எனவே இரட்டை வார் போட்டுத்தான் வெளியே அழைத்துப் போகச் சொல்வார்கள். காப்பகத்தில் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டிய நாய், புது வீட்டில் சாப்பாட்டு மேசைக்கடியில் பதுங்கினால் புது எஜமானர் பதற வேண்டியதில்லை. தரையில், பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டால் போதும்.