இரத்தத்தின் ஓட்டமும் சூடும்: இதய-நுரையீரல் எந்திரம் வேலை செய்யும் விதம்

உடலின் வழக்கமான 37 டிகிரி செல்சியஸ் சூட்டில் மூளைக்குப் போகும் இரத்தம் நின்றுவிட்டால், நான்கைந்து நிமிடங்களுக்குள் அதன் செல்கள் சாகத் தொடங்கிவிடுகின்றன. இதயத்தைத் திறந்து உள்ளே தைக்க வேண்டிய அறுவை மருத்துவருக்கு அந்த நேரம் எதற்கும் போதாது. ஒரு வால்வை மாற்றுவதற்கே ஒரு மணி நேரம் ஆகக்கூடும். இந்த நெருக்கடியிலிருந்து மீள இரண்டு வழிகள் உண்டு. இதயத்தின் வேலையை உடலுக்கு வெளியே ஒரு பம்பிடம் ஒப்படைக்கலாம். அல்லது உடலைக் குளிரவைத்து, அது கேட்கும் இரத்தத்தின் அளவையே குறைத்துவிடலாம். இன்றைய இதய-நுரையீரல் எந்திரம் இவ்விரண்டையும் ஒருசேரச் செய்கிறது. 'பைபாஸ்' என்றதும் நம் நினைவுக்கு வருவது இதயத் தமனியின் அடைப்பைச் சுற்றி மாற்றுவழி தைக்கும் அறுவைதான். ஆனால் அறுவை அரங்கில் 'பைபாஸில் இருக்கிறார்' என்றால், நோயாளியின் இரத்தம் இதயத்தையும் நுரையீரலையும் விட்டு விலகி இந்த எந்திரத்தின் வழியே ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

வரலாற்றில் இவ்விரு வழிகளும் தனித்தனியாகவே தொடங்கின. குளிர் பட்டால் உடல் ஆக்சிஜனைக் கூடுதலாகச் செலவிடும் என்ற எண்ணமே 1940கள்வரை வலுவாக இருந்தது. கனடாவின் டொரோண்டோவில் வில்ஃப்ரெட் பிகலோ நாய்களிடம் செய்த சோதனைகள், அந்தக் கூடுதல் செலவு நடுக்கத்தால் வருவது என்பதைக் காட்டின. மயக்க மருந்தால் நடுக்கத்தை அடக்கிவிட்டால், சூடு இறங்க இறங்க ஆக்சிஜன் தேவையும் இறங்கியது. இந்த அடிப்படையில், 1952 செப்டம்பர் 2 அன்று மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் குளிர்போர்வையில் சுற்றி 28 டிகிரிவரை குளிரவைத்து, இதயத்துக்குள் வரும் இரத்தத்தை ஏறத்தாழ ஐந்தரை நிமிடம் நிறுத்தி, மேலறைகளுக்கு இடையிலிருந்த துளையைத் தைத்து மூடினார். பிறகு வெந்நீர்த் தொட்டியில் கிடத்தி அவளுக்குச் சூடேற்றினார்கள். அடுத்த ஆண்டு மே 6 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன், பதினெட்டு வயதுப் பெண்ணொருவரின் அதே வகைத் துளையை, தாம் இருபது ஆண்டுகளாக உருவாக்கிவந்த இதய-நுரையீரல் எந்திரத்தின் துணையோடு மூடினார்.

வழிகள் இரண்டும் இணைந்தது 1950களின் இறுதியில்தான். தோல் வழியாகக் குளிரவைப்பதற்கு நெடுநேரம் பிடிக்கும். இரத்தம்தான் வெளியே வந்துவிட்டதே, அதையே குளிர்வித்துத் திருப்பி அனுப்பினால் உடல் முழுவதும் உள்ளிருந்தே குளிர்ந்துவிடாதா? டியூக் பல்கலைக்கழகத்தில் ஐவன் பிரவுனும் சகாக்களும் இந்த எண்ணத்துக்கு உருவம் கொடுக்க, கார்களுக்கு ரேடியேட்டர் செய்யும் பொறியாளர்களின் உதவியைப் பெற்றார்கள். எஞ்சினின் சூட்டை வெளியேற்றும் அதே தத்துவம் மனித இரத்தத்துக்கும் பொருந்தியது.

எந்திரத்தினுள் இரத்தம் போகும் பாதையை அருகிலிருந்து பார்ப்போம். முதலில் நோயாளிக்கு ஹெப்பாரின் செலுத்துகிறார்கள். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கைத் தொட்ட மாத்திரத்தில் இரத்தம் உறையத் தொடங்கிவிடும். இதயத்தின் வலது மேலறையில் பொருத்திய குழாய் வழியே அசுத்த இரத்தம், பெரும்பாலும் புவியீர்ப்பினாலேயே, கீழேயுள்ள ஒளிபுகும் கலத்தில் இறங்குகிறது. அதன் சுவரில் அளவுக்கோடுகள் இருக்கும். எந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்டின் பார்வை அந்தக் கோடுகளை விட்டு நெடுநேரம் விலகுவதில்லை, ஏனெனில் கலம் வற்றினால் குழாய்க்குள் காற்று புகும், மூளைக்குப் போகும் தமனியில் ஒரு காற்றுக் குமிழி போதும் பக்கவாதத்துக்கு. கலத்திலிருந்து பம்பு இரத்தத்தை ஆக்சிஜனேட்டருக்குள் தள்ளுகிறது. உள்ளே தலைமுடிபோன்ற ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள். அவற்றினுள் ஆக்சிஜன், வெளிப்புறத்தில் இரத்தம். கருஞ்சிவப்பாக உள்ளே போகும் இரத்தம் பளிச்சென்ற சிவப்பாக வெளியேறிப் பெருந்தமனிக்குத் திரும்புகிறது.

அந்த ஆக்சிஜனேட்டரின் உறைக்குள்ளேயே வெப்பப் பரிமாற்றியும் அமைந்திருக்கிறது. எஃகு அல்லது பாலிமரால் ஆன மெல்லிய சுவரின் ஒரு பக்கம் இரத்தமும் மறுபக்கம் நீரும் ஓடுகின்றன; இரண்டும் கலப்பதேயில்லை, வெப்பம் மட்டுமே சுவரைக் கடக்கிறது. நீரைச் சூடாக்கியும் குளிர்வித்தும் அனுப்புவது பக்கத்தில் நிற்கும் 'ஹீட்டர்-கூலர்' என்னும் தனிக் கருவி. சுவரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தாலும் நீர் இரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். அதனால்தான் குழாய்களில் திரவம் நிரப்புவதற்கு முன்பே நீரை மட்டும் ஓடவிட்டு, இரத்தப் பக்கத்தில் ஒரு சொட்டாவது கசிகிறதா என்று பார்க்கிறார்கள். சில நிமிட வேலைதான், ஆனால் அதைத் தவிர்க்கவே கூடாது.

ஓட்டத்துக்கும் சூட்டுக்கும் இடையே ஒரு கணக்கு இருக்கிறது. இயல்பான சூட்டில், உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.4 லிட்டர் இரத்தம் தேவை, 1.8 சதுர மீட்டர் உடற்பரப்புள்ள ஒருவருக்கு அது நிமிடத்துக்கு 4.3 லிட்டர். செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகளை நடத்தும் நொதிகள் குளிரில் மெதுவாகிவிடுவதால், ஒரு டிகிரி இறங்கும்போது ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய 6 அல்லது 7 சதவீதம் குறைகிறது. 28 டிகிரியில் தேவை பாதியை நெருங்கிவிடும். பம்பின் வேகத்தையும் குறைக்கலாம். இதில் ஒரு சிக்கலும் உண்டு. குளிர்ந்த இரத்தம் கெட்டியாகி நுண்குழல்களில் தயங்கும். குழாய்களை முதலில் நிரப்பும் உப்புநீர்க் கரைசல் இரத்தத்தை நீர்க்கச் செய்வது இங்கே ஓரளவு நன்மையாகவே அமைகிறது.

பெரும்பாலான இதய அறுவைகள் இன்று 32 டிகிரிக்குக் கீழே போவதில்லை. பெருந்தமனியின் வளைவையே வெட்டி மாற்ற வேண்டிய அறுவைகளில்தான் ஆழ்ந்த குளிர் தேவைப்படுகிறது, ஏனெனில் மூளைக்குக் கிளைகள் பிரிவதே அந்த வளைவிலிருந்துதான். உடலை 18 அல்லது 20 டிகிரிக்கு இறக்கிவிட்டால், பம்பை முற்றிலும் நிறுத்திவிட்டு ஏறத்தாழ அரைமணி நேரம் வேலை செய்யலாம். நாடித்துடிப்பும் இரத்த ஓட்டமும் இல்லை, மூளையின் மின்னலைகளும் அடங்கிக் கிடக்கின்றன. உயிர் அங்கே இருக்கிறது என்பதற்கு வெளியே ஒரு தடயமும் தெரியாத அந்த அரைமணி நேரம், மருத்துவம் எட்டிய உயரங்களுள் ஒன்று என்றே நான் கருதுகிறேன். இக்காலத்தில் அப்போதும் கழுத்துத் தமனி வழியே மூளைக்கு மட்டும் தனியாக இரத்தம் அனுப்புவது பரவலாகியிருப்பதால், அத்தனை குளிர் பல வேளைகளில் தேவைப்படுவதில்லை.

குளிரவைப்பதைவிடக் கவனம் அதிகம் வேண்டியது மறுபடி சூடேற்றும்போதுதான். சோடாவைச் சூடாக்கினால் குமிழி கிளம்புவதுபோல, குளிர்ந்த இரத்தத்தில் கரைந்திருக்கும் வாயு சட்டென்று சூடேறும்போது குமிழிகளாகப் பிரியக்கூடும். ஆகவே திரும்பிவரும் இரத்தத்துக்கும் எந்திரத்திலிருந்து வெளியேறும் இரத்தத்துக்கும் இடையே 10 டிகிரிக்கு மேல் வேறுபாடு கூடாது என்கின்றன நெறிமுறைகள். இரத்தத்தின் சூடு 30 டிகிரியை எட்டிய பிறகு, நிமிடத்துக்கு அரை டிகிரிக்கு மிகாமல் ஏற்ற வேண்டும். எந்திரத்தைவிட்டு வெளியேறும் இரத்தம் எந்நிலையிலும் 37 டிகிரியைத் தாண்டக் கூடாது. பெருந்தமனியிலிருந்து முதலில் இரத்தம் பெறும் உறுப்புகளுள் மூளையும் ஒன்று. களைத்திருக்கும் மூளைக்கு ஒன்றிரண்டு டிகிரி கூடுதல் சூடும் தீங்குதான். அறுவை முடியும் தறுவாயில் 'சீக்கிரம் சூடேற்றுங்கள்' என்ற அவசரம் எழுவது இயல்பு. அதற்கு இணங்காமல் நிதானம் காப்பது பெர்ஃபியூஷனிஸ்டின் பொறுப்பு.

ஹீட்டர்-கூலரின் நீர் நோயாளியைத் தொடுவதே இல்லை என்பதால் அதைக் குறித்து நெடுங்காலம் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 2010களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், இதய அறுவை முடிந்து மாதங்களும் ஆண்டுகளும் கழிந்தபின் சிலருக்கு மைக்கோபாக்டீரியம் கைமீரா என்ற அரிய கிருமியின் தொற்று வந்தது. தேடிப் போனபோது, கருவியின் நீர்த்தொட்டியில் வளர்ந்த கிருமி நுண்திவலைகளாகக் காற்றில் எழுந்து, கருவியின் விசிறிக் காற்றோடு திறந்திருந்த மார்புவரை போயிருந்தது தெரியவந்தது. அதன்பின் தொட்டி நீரைக் கிருமிநீக்கம் செய்யும் முறைகள் கடுமையாயின. கருவியின் காற்று அறுவை மேசையின் பக்கம் வீசாதபடி தள்ளி வைப்பதும், இயலுமானால் அரங்கின் காற்றிலிருந்தே பிரித்து வைப்பதும் பரிந்துரைக்கப்பட்டன.

எந்திரத்திலிருந்து நோயாளியைப் பிரித்து, புரோட்டமின் கொடுத்து ஹெப்பாரினை முறித்த பிறகும் வேலை எஞ்சியிருக்கிறது. அந்நேரத்தில் நெஞ்சும் மூளையும் சூடாகியிருக்கும். கை கால்களின் தசையும் கொழுப்பும் இன்னும் குளிர்ந்தேயிருக்கும். அந்தக் குளிர் மெல்ல உட்பகுதிக்குப் பரவ, உடலின் சூடு ஒன்றிரண்டு டிகிரி மறுபடியும் இறங்கிவிடும். நடுக்கம் தொடங்கினால், இப்போதுதான் தைக்கப்பட்ட இதயத்தின் மீது சுமை ஏறும்; குளிர்ந்த இரத்தம் சரியாக உறையாததால் கசிவும் கூடும். எனவே தீவிர சிகிச்சைப் பிரிவில் வெதுவெதுப்பான காற்றை நிரப்பும் போர்வையை மேலே விரிக்கிறார்கள். மானிட்டரில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தாலும், செவிலியர் அவ்வப்போது போர்வையை விலக்கி நோயாளியின் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார். பாதம் வெதுவெதுப்பாகிவிட்டதென்றால், இதயம் தள்ளும் இரத்தம் கால்விரல்வரை போய்ச் சேர்கிறது.