கோடை விடுமுறையில் இதய ஆராய்ச்சி: சின்னக் கேள்வியாக எடுங்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் குறுங்கால மாணவர் ஆராய்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் சமயம் வந்தால் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் என்னைத் தேடி வருவார்கள். கொண்டுவரும் தலைப்புகள் பெரும்பாலும் பிரம்மாண்டமானவை: இளவயது மாரடைப்புக்கு மரபணுக் காரணம், ஸ்டெம் செல்லால் இதயத் தசையைப் புதுப்பிப்பது. ஆர்வம் நல்லதுதான். ஆனால் 1979 முதல் நடந்துவரும் அந்தத் திட்டம் தருவது இரண்டே மாதம். தொடங்குமுன், நோயாளிகளுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். முடித்தபின் அறிக்கை ஏற்கப்பட்டால்தான் சான்றிதழும் உதவித்தொகையும்.

இரண்டு மாதத்துக்குள் அடங்கும் கேள்வி எப்படி இருக்கும்? ஓ.பி. பதிவேட்டில் உள்ள ரத்த அழுத்த அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கையால் பம்ப் செய்து பார்க்கும் கருவியில் கோடுகள் 2 மி.மீ. இடைவெளியில் இருக்கும். அதனால் கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாக, ஏறக்குறைய சமமாக வர வேண்டும். உண்மையில் எத்தனை அளவுகள் பூஜ்யத்தில் முடிகின்றன என்பதே கேள்வி. பதிவேட்டைப் புரட்டினால் 120/80, 130/80, 140/90 என்று பூஜ்யங்களாகவே நிற்கும். இது சின்ன விஷயம் இல்லை. 136 இருப்பவருக்கு 140 என்று எழுதினால் தேவையில்லாமல் மாத்திரை தொடங்கக்கூடும்.

அப்புறம் அந்த மாணவரே அளந்து பார்க்கட்டும். நோயாளியை ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, முதுகுக்குச் சாய்மானம் கொடுத்து, கையை இதய மட்டத்தில் தாங்கி, கைப் பருமனுக்கு ஏற்ற பட்டையைக் கட்டி அளக்க வேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். ஒரு எண்ணைச் சரியாக எழுத இவ்வளவு பாடுபட்டவர், பிற்காலத்தில் யாருடைய எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப மாட்டார். நெஞ்சுவலியோடு வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்தார்களா என்று பார்ப்பதும் இதே போல நல்ல கேள்வி.

சின்னக் கேள்வி என்றால் சின்ன விடை என்று நினைக்க வேண்டாம். ஜப்பானியரான சுனாவோ தவாரா இதயத்துக்குள் கண்டறிந்த மின்கடத்தும் திசுவைச் சரிபார்க்கும் வேலையில் 1906-இல் இங்கிலாந்தில் பணிபுரிந்த உடற்கூறியலாளர் ஆர்தர் கீத் இறங்கியிருந்தார். அந்தக் கோடையில் கென்ட் பகுதியில் இருந்த அவருடைய கிராமத்து வீட்டில், மருத்துவ மாணவர் மார்ட்டின் ஃப்ளாக் ஒரு அகழெலியின் இதயத்தைச் சீவிச் சீவி நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். மேலுடலின் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரை வலது மேலறையோடு சேரும் இடத்தில் விசித்திரமான ஒரு திசுக் கொத்து கண்ணில் பட்டது. நம் இதயத்துடிப்பு புறப்படும் எஸ்.ஏ. நோடு அதுதான். 1907-இல் இருவரும் அதை வெளியிட்டார்கள். அது சோர்ந்துபோகும் பலருக்கு இன்று பேஸ்மேக்கர் வைக்கிறோம்.

அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கு மூன்று தேசிய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி உதவித்திட்டம் இருக்கிறது. பணம் கட்டினால் சான்றிதழ், கட்டுரையில் பெயர் என்று அழைப்பவர்கள் பக்கமே போகாதீர்கள்.

வழிகாட்டியிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: வாரம் ஒருமுறையாவது உங்களைச் சந்திப்பாரா, தரவு கைக்கு எட்டுமா, புள்ளியியலுக்கு யார் உதவுவார்கள், எதிர்பார்த்த முடிவு வராவிட்டால் அதையும் அப்படியே எழுத விடுவாரா? கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் வேறு வழிகாட்டியைத் தேடுங்கள். அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே பேசத் தொடங்குங்கள். நெறிமுறைக் குழு உங்கள் அவசரத்துக்காகக் கூட்டம் போடாது.